சபையை விட்டு வந்தவர்கள் வாயைத் திறக்குமுன்

விலக நினைப்பவனை விடாமல் பிடித்து வைக்கும் ஒரு கிறிஸ்தவச் சபையிலிருந்து வெளியே வந்தவன் நான். அது தெரிந்து மாதத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் பண்ணுகிறார்கள். பெரும்பாலும் இரவு பத்து மணிக்குமேல், வீட்டில் மற்றவர்கள் தூங்கின பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அண்ணாச்சி, நாங்களும் அந்த மாதிரி ஒரு சபையிலதான் இருந்தோம், இப்ப வந்துட்டோம், நடந்ததை எல்லாம் ஊருக்குச் சொல்லணும், எப்படி ஆரம்பிக்க?" என்று கேட்பார்கள். நான் சொல்லும் பதில் ஒன்றுதான். எழுதுங்கள், ஆனால் முதலில் நோட்டில் எழுதுங்கள், ஃபேஸ்புக் பக்கம் ஆறு மாதத்துக்குப் போகாதீர்கள். போனில் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டுச் சபையில் 11 வருஷம் இருந்தேன். அதில் 4 வருஷம் தசமபாக நோட்டு, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை யார் காணிக்கையாகக் கொடுத்தார்கள் என்ற கணக்கு, என் கையில்தான் இருந்தது. சபையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, காரணம் கீழே வரும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உங்கள் புகார் எதைப் பற்றி? வெள்ளை உடுப்பது, நகையைக் கழற்றுவது, டிவி வைக்காமல் இருப்பது, உரக்க ஜெபிப்பது, இதெல்லாம் அவரவர் விசுவாசம். எங்கள் பாட்டி பரம்பரை சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), அவளும் ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்கமாட்டாள், அதற்காக அவளை யாரும் அடிமை என்று சொல்லவில்லை. கேள்வி வேறு: நீங்கள் "முடியாது" என்று சொன்னால் என்ன நடக்கிறது? சின்ன விஷயத்தில் சோதித்துப் பாருங்கள். "இந்த ஞாயிறு பெரியம்மா ஊர்க் கோயிலில் அசன விருந்து, குடும்பத்தோடு போகிறோம், ஆராதனைக்கு வரமாட்டோம்" என்று சொல்லிப் பாருங்கள். சாதாரணச் சபையில் "போயிட்டு வாங்க, எங்களுக்கும் ஒரு தூக்குச்சட்டியில கொண்டுவாங்க" என்பார்கள். எங்கள் சபையில் திங்கட்கிழமை இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள், புதன்கிழமை உபவாசக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் கீழ்ப்படியாமையைப் பற்றிப் பிரசங்கம் நடந்தது, வெள்ளிக்கிழமைக்குள் என் மகளோடு விளையாடிய பிள்ளைகள் விளையாட வருவதை நிறுத்திவிட்டார்கள். அசனச் சோறு சாப்பிட்டதற்கு இவ்வளவு.

வெளியே வந்த பிறகு ராபர்ட் லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவரைப் பற்றி வாசித்தேன். சீனாவில் சிந்தனைச் சீர்திருத்தம் என்ற பெயரில் மனதை மாற்றும் முகாம்களிலும் சிறைகளிலும் இருந்து வந்தவர்களோடு பேசி, அப்படிப்பட்ட இடங்களுக்கு 8 அடையாளங்கள் உண்டு என்று 1961இல் சொன்னவர். எல்லாவற்றையும் அறிக்கையிட வேண்டும் என்ற கட்டாயம், கூட்டத்துக்குள் மட்டும் புரியும் ஒரு மொழி, ஒருவன் அனுபவிப்பதைவிட உபதேசமே பெரிது என்பது, இவையெல்லாம் அதில் வருகின்றன. சீனச் சிறைக்கும் பாளையங்கோட்டை மாடிவீட்டுச் சபைக்கும் என்ன சம்பந்தம் என்று கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த மொழி விஷயம் முக்கியம், ஏனென்றால் பேசவரும் எல்லாரும் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். "என்மேல் இருந்த கவரிங்கை எடுத்துட்டாங்க, பின்மாற்றக்காரன்னு சொல்லிட்டாங்க, ஆவிக்குரிய தகப்பன் என்னை ஒப்புக்கொடுத்துட்டார்" என்று நீங்கள் எழுதினால், சபைக்குள் இருந்தவனுக்கு வயிறு கலங்கும், வெளியாள் "சரி, அதனால என்ன?" என்று போய்விடுவான். "என் மாமனார் இறந்தபோது 11 வருஷம் கூட ஜெபித்தவர்களில் ஒருவரும் துக்கம் கேட்க வரவில்லை, வரக்கூடாது என்று சொல்லப்பட்டிருந்தது" என்று எழுதுங்கள். அது எந்தத் தெருவிலும் யாருக்கும் புரியும். நோட்டில் எழுதும்போதே சபைப் பேச்சை ஒவ்வொரு சொல்லாகச் சாதாரணத் தமிழுக்கு மாற்றிவிடுங்கள். இது எழுத்துப் பயிற்சி மட்டுமல்ல, மாற்ற மாற்ற உங்களுக்கே பாதி பயம் தெளியும்.

ஆனால் அதற்கும் முன்னால் காகிதங்கள். இதைச் செய்யாமல் பேசத் தொடங்கிய இரண்டு பேர் பட்டபாட்டை நான் பார்த்தேன். உங்கள் பள்ளிச் சான்றிதழ், நிலப் பத்திரம், பாஸ்போர்ட் எதையாவது "பாதுகாப்புக்காக" சபை ஊழியர் வீட்டில் கொடுத்துவைத்திருந்தால், சண்டை தெரியுமுன் "வங்கியில் கேட்கிறார்கள்" என்று சொல்லி வாங்கிவிடுங்கள். பொய்தான், பரவாயில்லை. உங்கள் பெயரிலோ அப்பா பெயரிலோ உள்ள மனைக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தான செட்டில்மென்ட் என்று ஏதாவது பதிவாகியிருந்தால் உடனே வக்கீலைப் பாருங்கள். பதிவுசெய்த தானத்தை மனம் மாறிவிட்டது என்பதற்காக ரத்து செய்ய முடியாது. ஆனால் ஒருவரின் மனதைத் தன் பிடியில் வைத்திருந்தவர் அந்தப் பிடியைப் பயன்படுத்தி எழுதி வாங்கியது என்று நிரூபிக்க முடிந்தால், அதை எதிர்த்துக் கேட்க இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு வழி தருகிறது. பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்குக் காலவரம்பு 3 வருஷம், அதனால் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று தள்ளிப்போடாதீர்கள். ரொக்கமாகக் கொடுத்த தசமபாகத்தை மட்டும் மறந்துவிடுங்கள். என் கணக்கில் அது ஒரு நல்ல பைக் விலை வரும், மறந்துவிட்டேன். (மறக்கவில்லை, பேசுவதை நிறுத்திவிட்டேன்.)

விசுவாசிகளுக்குள் போட்ட ஜாமீன் கையெழுத்து, சீட்டுப் பாக்கி, விசுவாசி ஒருவரின் கடையில் வேலை, இவையும் உங்களைப் பிடித்து வைத்திருக்கும் கயிறுகள்தான். ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வாருங்கள்.

விலகுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். மனச்சாட்சிச் சுதந்திரம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவில் இருக்கிறது, எந்தச் சபையும் விடுவிப்புச் சீட்டு தந்தால்தான் போகலாம் என்று கிடையாது. ஒரு வரியில் "இனி வரவில்லை" என்று வாட்ஸாப்பில் அனுப்பி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். காரணம் எழுதாதீர்கள். எழுதினால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வசனம் வரும், நீங்கள் பதில் எழுத, அவர்கள் பதில் எழுத, மூன்று மாதம் போய்விடும். "கடைசியாக ஒருதடவை தனியாகப் பேசலாம்" என்று கூப்பிடுவார்கள். தனியாகப் போகாதீர்கள். சபைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சித்தப்பாவையோ அத்தானையோ கூட்டிப் போங்கள், அவர் ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். என்னோடு வந்த அத்தான் இரண்டு மணிநேரமும் வாய் திறக்கவில்லை, நடுவில் ஒருமுறை மட்டும் "காபி உண்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அறையின் கனமே குறைந்துபோனது.

வீட்டுக்காரியோ வீட்டுக்காரரோ இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்றால் உங்கள் பேச்சின் வேகத்தை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். வீட்டில் பாஸ்டரைத் திட்டாதீர்கள். நீங்கள் திட்டத் திட்ட அவர் பாஸ்டர் பக்கம் நிற்க வேண்டிவரும், அங்கே ஏற்கனவே "உன் புருஷன் உன்னைத் துன்பப்படுத்துவான்" என்று சொல்லிவைத்திருப்பார்கள், நீங்கள் அதை நிறைவேற்றிக் கொடுப்பீர்கள். என் மனைவி வெளியே வர எனக்குப்பின் ஒன்றரை வருஷம் ஆனது. அதுவரை ஞாயிறுதோறும் நானேதான் பைக்கில் கொண்டுபோய் வாசலில் விட்டேன்.

சரி, இப்போது பேசுவது. நோட்டை மூன்றாகப் பிரியுங்கள்: நான் கண்ணால் பார்த்தது, எனக்கு இன்னார் சொன்னது, நானாக யூகிப்பது. வெளியே பேசுவது முதல் பகுதியை மட்டும். இரண்டாவதைச் சொன்னவரே சொல்லட்டும். மூன்றாவதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், அது எவ்வளவு சரியாகப் பட்டாலும். பாஸ்டர் கார் வாங்கியதை நீங்கள் பார்த்தீர்கள், காணிக்கைப் பணத்தில் வாங்கினார் என்பது யூகம், நோட்டு எழுதினவனாகிய எனக்கே அது யூகம்தான்.

இதில் சட்டமும் இருக்கிறது. ஜூலை 2024 முதல் அவதூறு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது, 2 வருஷம் வரை சிறை விதிக்கலாம். உண்மையாக இருந்து பொதுநன்மைக்காகச் சொன்னது என்றால் விலக்கு உண்டு, ஆனால் அதை நீங்கள்தான் காட்ட வேண்டும். மாஜிஸ்திரேட் முன் புகார் கொடுத்து நடத்தும் வழக்கு அது, வாய்தா வாய்தாவாக நீங்கள்தான் அலைய வேண்டும். அதனால்தான் நான் பெயர் சொல்வதில்லை. பெயரை விட்டாலும் படிக்கிறவர்களுக்குத் தங்கள் சபை தெரிந்துவிடுகிறது, எந்தச் சபை என்று என்னிடம் கேட்ட ஐந்து பேரும் ஐந்து வெவ்வேறு சபையைச் சொன்னார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் ஆறு மாதம் பொறுக்காதீர்கள், ஆறு நாள்கூட வேண்டாம். பிள்ளைகளிடம் யாராவது பாலியல் ரீதியாக அத்துமீறியது உங்களுக்குத் தெரிந்தால் அது சாட்சி சொல்லும் விஷயமல்ல, புகார் கொடுக்கும் விஷயம். குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் நேராக மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் கொடுப்பது கட்டாயம், மறைப்பது குற்றம். "சபைக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்பதற்கு அங்கே இடமே இல்லை. அந்தப் பிள்ளையின் பெயரையோ தெருவையோ பள்ளியையோ எங்கேயும் எழுதவும் கூடாது.

வசனத்தால் வரும் அடிக்குத் தயாராகிக்கொள்ளுங்கள். முதலில் வருவது சங்கீதம் 105:15, "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்பது. மேலே கீழே வாசித்துப் பாருங்கள், அது ஊர்விட்டு ஊர் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைத் துன்பப்படுத்தாதபடி ராஜாக்களுக்குச் சொன்னது. அதிகாரத்தில் இருக்கிறவனைக் கேள்வி கேட்காதே என்று அலைகிறவனுக்குச் சொன்னதல்ல. அப்போஸ்தலர் 17இல் பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையே வேதத்தில் சரிபார்த்தார்கள், அதற்குப் பாராட்டுத்தான் கிடைத்தது. ஆனாலும் வசனச் சண்டையில் இறங்காதீர்கள், இது உங்கள் மனதுக்கு மட்டும்.

"சபையை எதிர்த்தவன் உருப்பட்டதில்லை" என்பதும் வரும். திருநெல்வேலிச் சீமையில் நின்றுகொண்டு இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். இங்கே ஊர் ஊராகச் சபைகளை நட்ட மிஷனரி ரேனியஸையே 1835இல் அவருடைய மிஷன் சங்கம் விலக்கியது. நாசரேத் பக்கம் அருமைநாயகம் சட்டம்பிள்ளை மிஷனரிகளோடு முரண்பட்டு 1857இல் வெளியேறி, வெள்ளைக்காரர் தயவு இல்லாமல் பிரகாசபுரத்தில் தனிச் சபையே கண்டார். அவரோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போக வேண்டியதில்லை. கேள்வி கேட்டு வெளியேறுவது இந்த மண்ணில் நேற்று வந்த வியாதி இல்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் பெரிய பயம் நரகம்கூட இல்லை, கல்லறைத் தோட்டம். "செத்தா எங்க புதைப்ப?" என்று ஒருவன் கேட்டால் பேசுகிறவன் வாய் தானாக அடைத்துக்கொள்ளும். அதனால் உங்கள் பழைய ஊர்ச் சபையில் போய்க் குருவானவரைப் பாருங்கள், ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருக்கும், சங்கக் காணிக்கை என்கிற உறுப்பினர் சந்தாவின் பாக்கியைக் கேட்டுக் கட்டுங்கள். விசுவாசமே போய்விட்டது என்றாலும் அப்பா அம்மாவுக்காக இதைச் செய்துவையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை நான் போனில் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் பங்கையும் எழுதுங்கள். நான் நோட்டில் பாக்கி வைத்தவர்கள் பெயருக்கு எதிரே புள்ளி வைப்பேன், அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் யாரைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்துவது என்று முடிவாகும். தையல் வேலை செய்த ஒரு அக்கா பெயருக்கு நேரே நான் வைத்த புள்ளியால் அவள் எல்லார் முன்பும் நின்றாள். அவள் விலகிய பிறகு முருகன்குறிச்சியில் எதிரே வந்தபோது நான் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனேன். என் நோட்டை முடித்ததும் முதலில் அவளிடம்தான் கொண்டுபோனேன். தையல் மெஷின் பக்கத்தில் வைத்து நிதானமாக வாசித்தாள். "இரண்டு தடவை நிற்க வைத்தோம்" என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "மூணு தடவ தம்பி, மூணாவது நாள் கதவ நீதான் சாத்துன" என்றாள். பேனாவை வாங்கித் திருத்திக்கொண்டேன்.