சிலிண்டர் மெதுவாகப் போனால் ரிலீஃப் வால்வைத் திருகாதீர்கள்: ஹைட்ராலிக் பாகங்களும் அடிப்படைக் கணக்கும்

ஹைட்ராலிக் மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று சொன்னதும் பாதிப் பேர் ஸ்பானரோடு நேராகப் போய் நிற்பது ரிலீஃப் வால்வு (பிரஷர் வரம்பைத் தாண்டினால் திறந்து ஆயிலை டேங்குக்கு விடுகிற வால்வு) முன்னால்தான். ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்குவார்கள், கேஜ் முள் ஏறும், வேகம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பம்ப் செய்கிற வேலை ஆயிலைத் தள்ளுவது மட்டும்தான், தள்ளிய ஆயிலுக்கு எதிரே லோடு வந்து மறிக்கும்போதுதான் பிரஷர் ஏறுகிறது. அதனால் வேகம் குறைந்தால் லிட்டரை (நிமிடத்துக்கு எவ்வளவு ஆயில் வருகிறது என்பதை) பாருங்கள், பலம் குறைந்தால் பாரை (பிரஷரின் அளவை) பாருங்கள். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

முதலில் ஆயில் போகிற வழியிலேயே நாமும் ஒரு சுற்று போய் வரலாம். டேங்கில் ஆயில் இருக்கிறது. பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறதோ அதைப்போல் 3 முதல் 5 மடங்கு கொள்ளளவு இருந்தால், திரும்பி வரும் ஆயில் கொஞ்சம் ஆறவும் அதிலுள்ள காற்று மேலே போகவும் நேரம் கிடைக்கும். அடுத்து சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர் (பம்ப் உறிஞ்சுகிற ஆயிலை வடிகட்டும் சல்லடை), அப்புறம் பம்ப். கியர் பம்ப் அழுக்கைக் கொஞ்சம் தாங்கும், பிஸ்டன் பம்ப் அதிக பிரஷர் தாங்கும் ஆனால் அழுக்கைத் தாங்காது. பம்ப்பை விட்டு வெளியே வந்ததும் முதலில் ரிலீஃப் வால்வு. இது சிஸ்டத்தின் காவல்காரன், வேகத்தைச் சரிசெய்கிற குமிழ் அல்ல. அதன் பிறகு டைரக்‌ஷன் வால்வு (ஆயில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திருப்புவது), தேவைப்பட்டால் ஃப்ளோ கண்ட்ரோல் (ஆயில் ஓட்டத்தைக் குறைப்பது), செக் வால்வு (ஒரு பக்கம் மட்டுமே விடுவது), கடைசியில் சிலிண்டர் அல்லது ஹைட்ராலிக் மோட்டார். வேலை முடித்த ஆயில் ரிட்டர்ன் ஃபில்டர் வழியாக டேங்குக்குத் திரும்பும்.

சரி, கணக்குக்கு வருவோம். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 80 மி.மீ., ராடு (பிஸ்டனோடு சேர்ந்த தண்டு) 45 மி.மீ., ஸ்ட்ரோக் (ராடு நகருகிற தூரம்) 400 மி.மீ. உள்ள ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் முதலில் செ.மீ.க்கு மாற்றிவிடுங்கள், பாதித் தப்பு அங்கேதான் நடக்கிறது. பரப்பளவு என்பது விட்டம் × விட்டம் × 0.7854. போர் பக்கம் 8 × 8 × 0.7854 = 50.3 சதுர செ.மீ. ராடு 4.5 × 4.5 × 0.7854 = 15.9. ராடு பக்கத்தில் ஆயில் தள்ளக் கிடைக்கிற இடம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது 34.4 சதுர செ.மீ.

பலம் = பிரஷர் × பரப்பளவு. 1 பார் என்பது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1 கிலோ (சரியாகச் சொன்னால் 1.02). 150 பாரில் சிலிண்டர் வெளியே தள்ளும்போது 150 × 50.3, சுமார் 7.5 டன். உள்ளே இழுக்கும்போது 150 × 34.4, சுமார் 5.2 டன்தான். தள்ளுகிற அளவுக்கு இழுக்கவில்லையே என்று புகார் வந்தால் சீல் கிட் வாங்க ஓடுவதற்கு முன் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள்.

வேகம் = லிட்டர் ÷ பரப்பளவு. பம்ப் நிமிடத்துக்கு 20 லிட்டர் தருகிறது என்றால் 20,000 கன செ.மீ. அதை 50.3 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 398 செ.மீ., நொடிக்கு 6.6 செ.மீ. 40 செ.மீ. ஸ்ட்ரோக்கை முடிக்க 6 நொடி. திரும்பும்போது 20,000 ÷ 34.4, நொடிக்கு 9.7 செ.மீ., அதனால் சுமார் 4 நொடி. இந்தக் கணக்கில் பார் எங்கேயாவது வந்ததா? வரவில்லை.

பலரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று இங்கே இருக்கிறது. உள்ளே இழுக்கும்போது ராடு பக்கம் போவது 20 லிட்டர், ஆனால் போர் பக்கத்திலிருந்து வெளியே வருவது 20 × 50.3 ÷ 34.4, அதாவது 29 லிட்டர். பம்ப் 20 லிட்டர்தானே என்று ரிட்டர்ன் ஃபில்டரை 20 லிட்டருக்கே வாங்கிப் போட்டால் ஒவ்வொரு ரிட்டர்னிலும் அது திணறும். இதே விகிதம் பிரஷரிலும் விளையாடும். வெளியே தள்ளும்போது ராடு பக்க ஆயிலை ஃப்ளோ கண்ட்ரோலால் மறித்து வேகத்தைக் குறைக்கிறீர்கள், லோடும் இல்லை என்று வையுங்கள், போர் பக்கம் 150 பார் இருந்தால் ராடு பக்கம் 219 பார் வரை ஏறலாம். கேஜ் இருப்பதோ பம்ப் பக்கம், அது 150 என்றுதான் காட்டும். ராடு பக்க ஹோஸ் 200 பாருக்கு வாங்கியதாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பம்ப் சைஸ்: ஒரு சுற்றுக்கு 16 சிசி, அதைச் சுற்றுகிற மின் மோட்டார் 1440 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 23 லிட்டர். உள் கசிவுக்கு 10 சதவீதம் கழித்தால் 20.7, நமக்குப் போதும். மோட்டார் பவர்: பார் × லிட்டர் ÷ 600. 150 × 20 ÷ 600 = 5 கிலோவாட், மொத்தத் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் 5.9. அதனால் 5.5 கிலோவாட் மோட்டார் பத்தாது, 7.5 போட வேண்டும். சிலிண்டர் முட்டி நிற்கும்போது ஆயில் முழுக்க ரிலீஃப் வழியாகப் போனால் இந்த 5 கிலோவாட்டும் சூடாகத்தான் மாறும். டேங்க் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிக்கொண்டே இருந்தால் கூலரைத் தேடுவதற்கு முன் ரிலீஃப் எத்தனை நேரம் திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

பைப் உள்விட்டம் மி.மீ.யில் = 4.6 × √(லிட்டர் ÷ வேகம்), அதாவது வகுத்து வந்ததற்கு மட்டும் வர்க்கமூலம் எடுத்து 4.6 ஆல் பெருக்க வேண்டும். வேகம் நொடிக்கு மீட்டரில். சக்‌ஷனுக்கு 1 மீட்டருக்குள், பிரஷர் லைனுக்கு 4 முதல் 5 வரை வைத்துக்கொள்ளலாம். நம் 20 லிட்டருக்குப் பிரஷர் லைன் 10 மி.மீ. போதும், சக்‌ஷனுக்கு 25 மி.மீ. போடுங்கள். சக்‌ஷனில் மிச்சம் பிடித்தால் பம்ப்புக்குள் கூழாங்கல் உருளுகிற மாதிரி சத்தம் கேட்கும், அது கேவிடேஷன் (ஆயில் போதாமல் குமிழிகள் உண்டாகி உடைவது), பம்ப்பை உள்ளுக்குள் அரித்துவிடும்.

இனி ஃபால்ட் தேடுவது. லோடு இல்லாமலும் மெதுவாகப் போகிறதா? ஸ்ட்ரெய்னர் அடைப்பு, தேய்ந்த கப்ளிங், யாரோ மூடி வைத்த ஃப்ளோ கண்ட்ரோல், இவற்றைப் பாருங்கள். லோடு ஏறியதும் மட்டும் தளர்ந்தால் எங்கோ உள்ளுக்குள் கசிகிறது: தேய்ந்த பம்ப், சீக்கிரமே திறக்கிற ரிலீஃப், இல்லையென்றால் பிஸ்டன் சீல்.

எதைக் கழற்றுவதற்கு முன்னும் பவரை லாக் செய்யுங்கள், தொங்குகிற லோடைக் கீழே இறக்குங்கள் அல்லது முட்டுக் கொடுங்கள், அக்யூமுலேட்டர் (ஆயிலைப் பிரஷரோடு சேமித்து வைக்கிற கலன்) இருந்தால் ஆயில் பக்கத்தை டேங்குக்குத் திறந்து கேஜ் பூஜ்யம் காட்டுவதைப் பாருங்கள். ஹோஸில் ஊசித் துளைக் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது, அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அந்தப் பிரஷரில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது, ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

சீலைச் சோதிக்க ராடை முழுதாக வெளியே விட்டு, மெஷினை நிறுத்தி, பிரஷரை இறக்கி, ராடு பக்க ஹோஸைக் கழற்றி அதன் முனையை பிளக் போட்டு மூடுங்கள். திறந்த போர்ட்டுக்குக் கீழே ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். இப்போது போர் பக்கம் மட்டும் பிரஷர் கொடுங்கள், இழுக்கிற பட்டன் பக்கம் யாரும் போகக் கூடாது. முதலில் தேங்கியிருந்தது வடியும், அது கணக்கில்லை. அதன் பிறகும் ஆயில் தொடர்ந்து ஓடினால் சீல் போய்விட்டது. நின்றுவிட்டால் சிலிண்டரைப் பிரிக்காதீர்கள், ரிலீஃப் வால்வின் டேங்க் லைனை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். மற்ற லைன்களைவிட அது மட்டும் தனியாகச் சுட்டால் ஆயில் அந்த வழியாகத்தான் ஓடுகிறது. அதுவும் சரியாக இருந்தால் பம்ப்பைக் கழற்றலாம்.