கொலுசு டோன்: நாமே செய்து நாலு பேருக்கு அனுப்ப

சேலம் பக்கம் கச்சேரிக்குக் கீபோர்டு வாசிக்கிறவர்கள், ஒரு சத்தத்துக்காகத் திருகி வைத்துச் சேமித்த அமைப்பைப் பேட்ச் என்றோ பிரீசெட் என்றோ சொல்வது குறைவு, 'டோன்' என்றுதான் சொல்வார்கள். "அன்னிக்கு ஒரு டோன் வச்சிருந்தீங்களே, அத அனுப்புங்ணா" என்று ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன் வரும். அனுப்பி வைப்போம். மறுநாள் காலையில் "சத்தமே வரலைங்ணா" என்று பதில் வரும்.

எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சிந்தசைசரில் (சுருக்கமாக சிந்த், சத்தத்தைக் கணக்கால் உருவாக்கும் சாஃப்ட்வேர்) ஒரு டோனை முதலிலிருந்து செய்வது எப்படி என்று சொல்கிறேன், ஆனால் நான் அதிகம் அழுத்திச் சொல்லப்போவது வேறு: அந்த டோன் இன்னொருத்தர் லேப்டாப்பில், இன்னொருத்தர் கைக்கும் ஒழுங்காகப் பேச வேண்டும். நம் கைக்கு மட்டும் பேசினால் அது பாதி டோன்தான்.

உதாரணத்துக்குக் கொலுசை எடுத்துக்கொள்வோம். சேலத்துக்காரனுக்குக் கொலுசை விட்டால் வேறென்ன, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள்தானே. இன்னொரு காரணமும் உண்டு. சிந்தோடு கூட வரும் பிரீசெட்களில் மணி என்று தேடினால் சர்ச் மணி வரும், பனியில் இழுக்கும் வண்டியின் மணி வரும், நம் வீட்டுக் குழந்தை திண்ணையில் ஓடும் சத்தம் வராது.

நான் வைட்டலில் செய்து காட்டுகிறேன். மேட் டைட்டல் 2020-ல் வெளியிட்ட சாஃப்ட்வேர் சிந்த் அது, காசு கொடுக்காத பதிப்பே நமக்குத் தாராளம். சர்ஜ் எக்ஸ்.டி முழுக்க முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ், அதிலும் இதையே செய்யலாம், திருகுகள் இருக்கும் இடம்தான் மாறும்.

சிந்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நிஜக் கொலுசை மேசையில் வைத்து ஃபோனில் பதிவு செய்யுங்கள். ஒரே ஒரு மணியை நகத்தால் தட்டி ஒரு பதிவு, மொத்தமாகக் குலுக்கி ஒரு பதிவு. இரண்டும் வேறு வேறு சத்தம் என்பது அப்போதுதான் உறைக்கும். ஒற்றை மணி 'சில்' என்று ஒரு நொடிகூட நிற்காமல் அடங்கிவிடும். குலுக்கும்போது கேட்பது அப்படிப்பட்ட பத்து இருபது 'சில்'கள் ஒழுங்கில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுவது. ஆக, முதலில் ஒரு மணி, அப்புறம் ஒழுங்கின்மை.

மணிச் சத்தம் ஏன் கிட்டார் கம்பி மாதிரி இல்லை? கம்பியில் வரும் மேல்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் ஒரு மடங்கு, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று கிட்டத்தட்ட வரிசையாக நிற்கும். உலோகக் கிண்ணமும் குண்டும் அப்படி நிற்காது, இடையிடையே பொருந்தாத எண்களில் அதிரும். அந்தப் பொருந்தாமைதான் காதுக்கு 'உலோகம்' என்று சொல்கிறது. இதைச் சுலபமாக வரவழைக்கும் வழி எஃப்.எம், அதாவது ஒரு அலையை வைத்து இன்னொரு அலையின் அதிர்வெண்ணை ஆட்டுவது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-ல் கண்டுபிடித்து 1973-ல் கட்டுரையாக எழுதினார். அதே உத்தியை உரிமம் வாங்கி யமஹா 1983-ல் டிஎக்ஸ்7 கீபோர்டாக விற்றது. அந்தக் கட்டுரையிலேயே மணிக்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஆட்டும் அலை, ஆடும் அலையைப்போல 1.4 மடங்கு. நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்.

மெனுவில் புதிய, காலியான பிரீசெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கிற டோனை மாற்றி ஆரம்பித்தால் யாரோ வைத்த ரிவெர்ப் (மண்டப முழக்கம்), யாரோ வைத்த டிலே (திரும்பத் திரும்ப வரும் எதிரொலி) எல்லாம் உள்ளே ஒளிந்துகொண்டு படுத்தும். ஆசிலேட்டர் என்பது அலையை உண்டாக்கும் பகுதி. ஆசிலேட்டர் 1, 2 இரண்டிலும், மேல்சுரமே இல்லாத சைன் அலையை வையுங்கள். ஒன்றாவதை 36 செமிடோன் (பக்கத்து விசைக்கு விசை ஒரு செமிடோன்) மேலே ஏற்றுங்கள், அதாவது மூன்று ஆக்டேவ். இரண்டாவதை 42. இடையில் உள்ள ஆறு செமிடோன்தான் 1.41 மடங்கு, சௌனிங் கணக்குக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டோம். ஒன்றாவது ஆசிலேட்டரின் டிஸ்டார்ஷன் வகைப் பட்டியலில், ஆசிலேட்டர் 2-இலிருந்து எஃப்.எம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவதன் லெவலைச் சுழியத்துக்கு இறக்கிவிடலாம், அது கேட்க வேண்டியதில்லை, ஒன்றாவதை ஆட்டினால் போதும். ஆனால் ஆசிலேட்டரையே அணைத்துவிடாதீர்கள், அப்புறம் ஆட்ட ஆளில்லை.

இப்போது நடு சி-யை அழுத்தினால் 2093 ஹெர்ட்ஸில் ஒரு அலை ஓடுகிறது, 2960 ஹெர்ட்ஸ் அலை ஒன்று அதை ஆட்டுகிறது. இரண்டும் கூடி 5053-இல் ஒரு கீற்று பிறக்கும், அந்தப் பளபளப்புதான் நமக்கு வேண்டியது. கழிந்து 867-இலும் ஒன்று பிறக்கும். அது வேண்டாம், அது இருந்தால் கொலுசு கோயில் கைமணி ஆகிவிடும். அதனால் ஒலியை வடிகட்டும் ஃபில்டர் 1-ஐப் போட்டு, பிளெண்டை ஹைபாஸ் பக்கம், அதாவது மேல் ஒலிகளை மட்டும் விடும் பக்கம், முழுக்கத் தள்ளி, அடியில் இருக்கும் கனம் போகும்வரை, வெட்டும் எல்லையான கட்ஆஃபை ஏற்றுங்கள். எண்ணைப் பார்க்காதீர்கள், பதிவு செய்த கொலுசை ஒருமுறை, டோனை ஒருமுறை என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

என்வலப் என்பது நேரத்தோடு ஏறி இறங்கும் கோடு, என்வலப் 1 சத்தத்தின் அளவு. அட்டாக் (ஏறும் நேரம்) சுழியம், டிகே (இறங்கும் நேரம்) கால் நொடி, சஸ்டெயின் (விசையைப் பிடித்திருக்கும்போது நிற்கும் அளவு) சுழியம், ரிலீஸும் (விட்ட பின் அடங்கும் நேரம்) கால் நொடி. என்வலப் 2-ஐ எஃப்.எம் அளவின் மேல் இழுத்துப் போட்டு, அதன் டிகேயை இன்னும் குட்டையாக, ஒரு 80 மில்லி செகண்டுக்கு வையுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். உலோகத்தில் தட்டிய கணத்தில் உள்ள கூர்மை சீக்கிரம் அடங்கி, மெலிந்த ஓசை மட்டும் கொஞ்ச நேரம் தங்கும். எஃப்.எம் அளவு கடைசிவரை அப்படியே நின்றால் மணி இல்லை, பழைய ஃபோன் ரிங்டோன்.

சரி, ஒரு மணி வந்துவிட்டது. காலில் கட்டிக்கொண்டு நடக்க வைக்க வேண்டும். என்வலப் 1-இன் சஸ்டெயினை இப்போது மேலே ஏற்றுங்கள், விசையைப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் ஓசை இருக்கட்டும். திரும்பத் திரும்ப ஓடித் திருகுகளை ஆட்டும் மெதுவான அலையான எல்.எஃப்.ஓ 1-ஐ உச்சியிலிருந்து சரிந்து விழும் வடிவத்தில் வரைந்து, ஆசிலேட்டர் 1-இன் லெவலைக் கீழே இறக்கிவிட்டு, எல்.எஃப்.ஓ அதைத் தூக்குகிற மாதிரி இணையுங்கள். அதையே எஃப்.எம் அளவுக்கும் கொடுத்து, அங்கே என்வலப் 2-ஐ எடுத்துவிடலாம். வேகம் நொடிக்கு எட்டு ஒன்பது தட்டு. வாசித்துப் பாருங்கள், சிரிப்பு வரும். ஒரே சீராக ஓடினால் அது கொலுசு இல்லை, அம்மாபேட்டைத் தறி. அதனால்தான் ஒழுங்கின்மை வேண்டும் என்றேன். தாறுமாறாக மாறும் எண்ணைத் தரும் ரேண்டம் 1-ஐ எடுத்து எல்.எஃப்.ஓவின் வேகத்தின் மேல் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள். ரேண்டம் 2-ஐ இரண்டாவது ஆசிலேட்டரின் டியூனிங் மேல் மிகக் கொஞ்சம், ஒவ்வொரு தட்டும் வேறு மணியில் விழுந்ததுபோல இருக்கும். ஒவ்வொரு நோட்டுக்கும் மாறும் ரேண்டம் ஒன்று தனியாக இருக்கும், அதை இடம் வலம் பிரிக்கும் பேன் மேல் போட்டால் இரண்டு கால் வந்துவிடும். தட்டுவடை செட் மாதிரிதான் இது, காரமும் பீட்ரூட்டும் தனித்தனியாக ஒன்றுமில்லை, அடுக்கிய பிறகுதான் ருசி.

டோன் முடிந்தது என்று இங்கேதான் நினைத்துக்கொள்வோம்.

ஏற்காட்டில் கோடை விழா நேரத்தில் நண்பர் ஒருவருக்கு வாசிக்க வேண்டியிருந்தது. என் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவானேன், அவரிடம் ஒரு சின்னக் கீபோர்டு இருக்கிறதே என்று பென் டிரைவில் டோன்களை மட்டும் எடுத்துப் போனேன். மேலே போய்த் திறந்தால் கொலுசு ஊமை. என் வீட்டில் மாட் வீல், அதாவது கீபோர்டில் விரலால் உருட்டும் சக்கரம், எப்போதும் பாதியில் நிற்கும், நான் சத்தத்தின் அளவை அதில்தான் கட்டியிருந்தேன். அவருடைய கீபோர்டில் மாட் வீலே கிடையாது. அன்றைக்குக் குளிரில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் சரிசெய்தேன், வேர்த்துவிட்டது.

அதிலிருந்து அனுப்புவதற்கு முன் நான் தவறாமல் செய்வது இது: மாட் வீலை அடிமட்டத்துக்கு இறக்கி வாசிப்பேன், அங்கே டோன் முழுதாக ஒலிக்க வேண்டும், வீல் கூடுதல் அலங்காரத்துக்கு மட்டும். அப்புறம் விசையை மெல்லத் தொட்டும் ஓங்கி அடித்தும் பார்ப்பேன். வெலாசிட்டியை, அதாவது விசையை அடிக்கும் வேகத்தை, எஃப்.எம் அளவுக்கும் லெவலுக்கும் மிதமாகக் கொடுத்தால் மெல்லத் தொடும்போது நடை, ஓங்கினால் ஓட்டம். ஆனால் சில மலிவான கீபோர்டுகள் எல்லா நோட்டையும் ஒரே வெலாசிட்டியில் அனுப்பும், அதிலும் டோன் கேவலமாகக் கேட்கக் கூடாது. ஐந்தாறு விசையைச் சேர்த்து அழுத்தி மீட்டர் சிவப்பைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நோட்டுக்கு அளவாக இருக்கிற லெவல் ஆறு நோட்டுக்கு வெடிக்கும். ரிவெர்ப்பைக் குறைத்தே வையுங்கள், மண்டபத்தில் ஏற்கெனவே போதுமான எதிரொலி இருக்கிறது. பழைய லேப்டாப் வைத்திருப்பவரை நினைத்து, ஒரே சுரத்தைப் பல பிரதிகளாக ஒலிக்க வைக்கும் யூனிசனைக் குறையுங்கள், கொலுசுக்கு அது தேவையும் இல்லை.

வைட்டலில் நான்கு மேக்ரோக்கள், அதாவது உள்ளே உள்ள அமைப்புகளை வெளியிலிருந்து ஆட்டும் திருகுகள், இருக்கின்றன. வாங்குகிறவர் உங்கள் வயரிங்கைப் பிரித்துப் பார்க்கமாட்டார், இந்த நாலு திருகைத்தான் தொடுவார். ஒன்று 'நடை', எல்.எஃப்.ஓ வேகம். இரண்டு 'வெள்ளி', எஃப்.எம் அளவு. மூன்று 'தூரம்', ரிவெர்ப். நான்காவதைக் காலியாகவே விடுங்கள். ஏதோ ஒன்றை நிரப்ப வேண்டுமே என்று நிரப்புவதால் யாருக்கும் பயனில்லை. திருகை எந்தக் கோடிக்குத் திருப்பினாலும் டோன் கெட்டுப்போகாத அளவுக்கு எல்லையைக் கட்டி வையுங்கள், மேடையில் யாரும் பார்த்துத் திருப்புவதில்லை.

நாதஸ்வரம் மாதிரிக் குழைந்து வாசிக்கும் டோன் என்றால் இன்னும் இரண்டு விஷயம். கூம்பு வடிவக் குழாய் என்பதால் எல்லா மேல்சுரங்களும் வரும், எனவே சதுர அலை வேண்டாம், ரம்பப் பல் அலையிலிருந்து தொடங்குங்கள். ஒரே குரல், லெகாட்டோ (சுரங்கள் விடாமல் தொடர்வது), சின்னதாகக் கிளைடு (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வது). கமகம் டோனில் இல்லை, கையில் இருக்கிறது. அந்தக் கைக்கு, சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் எத்தனை செமிடோன் என்று தெரிந்தாக வேண்டும். வழக்கம் இரண்டு. நீங்கள் ஐந்து வைத்திருந்தால் அதைக் குறிப்பில் எழுதாமல் அனுப்புவது வாசிப்பவரை மேடையில் அவமானப்படுத்துவதற்குச் சமம். டியூனிங்கை மாற்றியிருந்தாலும் எழுதுங்கள், 'சி, ஒரு கட்டை' என்று ஒரு வரி போதும்.

சேமிக்கும்போது பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைக்க எனக்கும் ஆசைதான், ஆனால் ஜிப் செய்து வேறொரு கம்ப்யூட்டரில் பிரித்தால் சில நேரம் பெயர் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். தமிழைக் கமெண்ட் பெட்டியில் எழுதிக்கொள்ளலாம். 'புதுசு', 'புதுசு2', 'ஃபைனல்' என்றெல்லாம் வைக்காதீர்கள். என்ன சத்தம், எந்த எண் பதிப்பு, அவ்வளவுதான். எழுதியவர் பெயர், வகை, கமெண்ட் மூன்றையும் நிரப்புங்கள். கமெண்டில் எந்த ஆக்டேவில் வாசிக்க வேண்டும், விசையைப் பிடித்திருக்க வேண்டுமா தட்டிவிட வேண்டுமா, வெலாசிட்டி என்ன செய்யும், இது போதும்.

டிஎக்ஸ்7 காலத்தில் டோனின் பெயருக்குப் பத்து எழுத்துதான் இடம். 32 டோன் சேர்ந்த ஒரு பேங்க் 4104 பைட். அன்றைக்குச் சுற்றிவந்த அந்தக் கோப்புகள் இன்றைக்கும் டெக்ஸெட் என்ற இலவச சிந்தில் அப்படியே திறக்கின்றன, நாற்பது வருடம் கழித்து. வைட்டல் கோப்பும் உள்ளே வெறும் எழுத்துதான், நோட்பேடில் திறந்து பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: நீங்கள் உபயோகித்த வேவ்டேபிளும் (அலை வடிவங்களின் தொகுப்பு) சாம்பிளும் (பதிவு செய்த ஒலித் துண்டு) அந்தக் கோப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். வசதிதான், தனியாக அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் சினிமாப் பாட்டிலிருந்து வெட்டிய துண்டையோ காசு கொடுத்து வாங்கிய சாம்பிளையோ உள்ளே வைத்திருந்தால் அதையும் சேர்த்து ஊருக்கு விநியோகம் செய்கிறீர்கள். அப்படி இருந்தால் பகிராதீர்கள், அல்லது சொந்தப் பதிவால் மாற்றுங்கள். நம் கொலுசில் சைன் அலை மட்டும்தான், பிரச்சினை இல்லை.

உரிமம் என்னவென்று ஒரு வரி வேண்டும். யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் சிசி0. என் பெயரைச் சொன்னால் போதும் என்றால் சிசி பை. இது இல்லாவிட்டால் ஒழுங்கான ஆள் தொடத் தயங்குவார், மற்றவர் எப்படியும் கேட்கப்போவதில்லை.

பிறகு கோப்பு, குறிப்பு எழுதிய ஒரு டெக்ஸ்ட் ஃபைல், பத்துப் பதினைந்து நொடி டெமோ ஆடியோ, மூன்றையும் ஒரே ஜிப்பில் போட்டு வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். டெமோவில் தபலா, ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் சேர்த்து மயக்காதீர்கள், டோனைத் தனியாக வாசித்துக் காட்டுங்கள். நிறைய டோன் இருந்தால் பேங்காக ஏற்றுமதி செய்யலாம். சிந்தின் எந்தப் பதிப்பில் செய்தது என்பதையும் குறிப்பில் எழுதுங்கள், புதிய பதிப்பில் சேமித்தது பழையதில் திறக்காது, அந்த ராத்திரி ஃபோன்களில் பாதி இதனால்தான்.

கடைசியாக, அனுப்பும் முன் வேறொருவர் கம்ப்யூட்டரில் ஒருமுறை திறக்க வேண்டும். நான் எதிர்வீட்டுக் கல்லூரிப் பையனிடம் கொடுப்பேன், அவனிடம் இரண்டு ஆக்டேவ் கீபோர்டு, ஓட்டை ஹெட்ஃபோன், இதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடையாது. கொலுசைக் கொடுத்தபோது ஒருநாள் வைத்திருந்து திருப்பி அனுப்பினான், நான்காவது மேக்ரோவை நிரப்பி. 'படி' என்று பெயர் வைத்திருந்தான். திருப்பினால் தட்டுகள் இரண்டு இரண்டாகச் சேர்ந்து விழுகின்றன, யாரோ மாடிப்படி இறங்குவதுபோல. எழுதியவர் இடத்தில் அவன் பெயரையும் சேர்த்துப் பதிப்பு 2 என்று சேமித்தேன்.