டிராக்கில் ஓட்டும் எம்எக்ஸ்-5: அலைன்மென்ட் நழுவாமல் இறுக்குவது எப்படி

மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கான (என்ஏ, என்பி, 1989 முதல் 2005 வரை) செய்முறை இது. ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாளில், காலையில் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்) சரியாக இருக்கும். மதியத்துக்குள் நேர்ப்பாதையிலேயே ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பி நிற்கும், பிரேக் அடித்தால் பின்பக்கம் ஆடும். இப்படி ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேம் போல்ட்டை.

எது நழுவுகிறது

ஒவ்வொரு லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க்கை) உள்முனையிலும் இரண்டு கேம் போல்ட், ஆக மொத்தம் எட்டு. போல்ட் சப்ஃபிரேமில் (ஆர்ம்களைத் தாங்கும் அடிச்சட்டம்) உள்ள நீள்துளை வழியாகப் போகிறது. அதிலுள்ள மையம் விலகிய வட்டத் தகடு பிராக்கெட்டின் இரு காதுகளுக்கு (தகட்டின் இருபுறமும் நீண்டிருக்கும் விளிம்புகள்) நடுவே திரும்பும்போது போல்ட் உள்ளேயோ வெளியேயோ நகரும். முன்னால் இதை வைத்துத்தான் கேம்பரும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) வைக்கிறோம். பின்னால் கேம்பரும் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு). வைத்த இடத்தில் அதைப் பிடித்துக்கொள்ளப் பல்லும் இல்லை, பின்னும் இல்லை. நட் தரும் அழுத்தத்தால் வரும் உராய்வு ஒன்றுதான் பிடி.

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் லோயர் ஆர்மை உள்நோக்கித் தள்ளுகிறது. கெர்பில் (டிராக் ஓரத் திட்டு) ஏறினால் அதே திசையில் இன்னொரு அடி. உராய்வு தாங்காவிட்டால் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்வது) குறையும். பின் ஆர்மின் பின்பக்க கேம் மட்டும் உள்ளே நகர்ந்தால் அந்தச் சக்கரம் டோ-அவுட் ஆகும், அதாவது அதன் முன்பக்கம் வெளியே திரும்பும். பிரேக்கில் வால் ஆடுவது இதனால்தான். கேம் தன் சுற்றின் நடுவில் நிற்கும்போது இந்தத் தள்ளுதலுக்கு நெம்பும் தூரம் அதிகம். கடைசி முனையில் கிட்டத்தட்ட இல்லை. எனவே நடுவில் நிற்கும் கேம்களைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

படி 1: ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்

ஜாக் ஸ்டாண்டில் பத்திரமாக ஏற்றத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன். பழைய நிலையைப் பெயிண்ட் மார்க்கரால் குறித்துவிட்டு ஒரு போல்ட்டை மட்டும் உருவுங்கள். புஷ்ஷின் (ஆர்ம் முனையிலுள்ள ரப்பர் உருளை) உள்குழாயில் துருப்பிடித்து ஒட்டியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். திரும்ப மறுத்தால் அறுத்தெடுத்துப் புது போல்ட் போடுவதே மேல். சுத்தியலால் அடித்தால் மரை கெடும், காதும் வளையும்.

புது நட்டைப் பழைய போல்ட்டில் கையால் ஓட்டிப் பாருங்கள். பாதியில் சிக்கினால் போல்ட் நீண்டிருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

படி 2: முகங்கள் காய்ந்திருக்க வேண்டும்

பலர் கோட்டைவிடும் இடம் இது. அடுத்த முறை போல்ட் ஒட்டக்கூடாது என்று ஆன்டி-சீஸை (ஒட்டாமல் தடுக்கும் மசகு) முழுவதும் பூசிவிடுகிறார்கள். அது வழிந்து கேம் தகட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே போய்விடும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) சரியாகவே 'கிளிக்' சொல்லும், ஆனால் இரண்டு இரும்பு முகங்களுக்கு நடுவே மசகு இருக்கும். அங்கே பிடி இருக்காது.

ஆன்டி-சீஸ் போல்ட்டின் நடுத்தண்டில், புஷ்ஷுக்குள் மறையும் பகுதியில் மட்டும், மெல்லிய பூச்சாக. தகட்டின் உள்முகம், பிராக்கெட்டின் முகம், புஷ் உள்குழாயின் இரு விளிம்புகள் ஆகியவற்றைக் கம்பி பிரஷால் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்து, வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி கறுக்காமல் வரும்வரை விடாதீர்கள். தடித்த பெயிண்ட் இருந்தால் அதையும் சுரண்டுங்கள். அழுத்தத்தில் பெயிண்ட் நசுங்கி இறுக்கம் தளரும்.

காதுகளையும் பாருங்கள். தகடு காதுகளுக்கு நடுவே ஆடினால் கேம் திரும்பாமலேயே அலைன்மென்ட் நகரும். விரிந்த காதை மெதுவாகத் தட்டி நேராக்கலாம். கிழிந்திருந்தால் வெல்டரிடம் கொண்டுபோங்கள்.

படி 3: அளவு வைப்பது

காரைச் சமமான தளத்தில், நான்கு சக்கரத்தின் கீழும் ஒரே உயரக் கட்டை வைத்து நிறுத்துங்கள். சக்கரம் தடையின்றி நகர, நடுவே கிரீஸ் தடவிய இரண்டு தரை ஓடுகள் போதும். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு மூட்டை வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் காரை அமுக்கி விட்டு அளக்கவும்.

லேசரைவிட நூல் எனக்குப் பிடிக்கும். இருபுறமும் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) மையத்திலிருந்து அளந்து இணையாகக் கட்டுங்கள். பின் சக்கரங்களின் இடைவெளி முன்னதைவிட அகலம், எனவே நூலுக்கும் ஹப்புக்கும் உள்ள தூரம் பின்னால் குறைவாகத்தான் வரும். பின்பக்கத்தை முதலில் முடித்துவிட்டுப் பிறகு முன்னால் வாருங்கள். முன்னால் கேம்பர், காஸ்டர் முடிந்த பிறகே டை ராடில் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) டோ. சக்கரத்தின் முன், பின் முனைகளுக்கு நடுவே 600 மி.மீ. இருந்தால், நூல் தூரத்தில் 1 மி.மீ. வித்தியாசம் ஏறக்குறைய 0.1 டிகிரி.

தாழ்த்திய டிராக் காருக்கு என் தேர்வு: முன் கேம்பர் மைனஸ் 2.5 டிகிரி, பின்னால் மைனஸ் 2. முன் டோ பூஜ்யம், பின்னால் இரு சக்கரமும் சேர்த்து 2 மி.மீ. டோ-இன்.

படி 4: இறுக்குவது

சக்கரம் தரையில், எடை முழுதும் இறங்கிய நிலையில்தான் கடைசி இறுக்கம். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும், காரின் உயரமும் மாறும். நட்டைத் திருப்பும்போது கேமும் கூடவே திரும்பப் பார்க்கும். போல்ட் தலையை நீளமான ஸ்பேனரால் அசையாமல் பிடியுங்கள். இம்பாக்ட் கன் இங்கே வேண்டவே வேண்டாம். டார்க் அளவை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

இறுக்கியதும் மறுபடி அளந்து பாருங்கள். டை ராட் லாக் நட்டையும் மறக்காதீர்கள்.

படி 5: கோடு

தகட்டிலிருந்து பிராக்கெட் வரை ஒரே நேர்கோடு, எட்டு கேமுக்கும். முதல் செஷன் முடிந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு கோணம் மாறியிருந்தால் கேம் திரும்பியிருக்கிறது. கோடு நேராக இருந்தும் படி போல் விலகியிருந்தால் காதில் ஆட்டம்.

பிற்சேர்க்கை: பாலியூரிதேன் புஷ் போட்டவர்கள் கேட்டது. அங்கே ரப்பர் முறுக்கு இல்லை, ஆனால் உள்குழாய் புஷ்ஷைவிடச் சற்று நீளமாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் நட் குழாயை இறுக்காமல் பிளாஸ்டிக்கை நசுக்கும், எவ்வளவு டார்க் கொடுத்தாலும் நழுவும். மாட்டும் முன் வெர்னியரால் அளந்துவிடுங்கள்.