அக்னி நட்சத்திரத்தில் அட்ரியாட்டிக்: அம்மா, பிள்ளைகளோடு காரில் போய்வருவது எப்படி

மே மாதத்து வேலூர் எப்படி இருக்கும் என்று வேலூர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. கோட்டை அகழியைப் பார்த்தாலே கண் கூசும். அந்த மாதத்தில்தான் பிள்ளைகளுக்கு லீவு. அதே மே மாதம் குரோஷியா நாட்டின் அட்ரியாட்டிக் கடற்கரையில் பகலில் 22, 24 டிகிரிதான் இருக்கும், இருட்டவே இரவு எட்டரை ஆகிவிடும். அந்த ஊர்க்காரர்களுக்கும் மற்ற ஐரோப்பியர்களுக்கும் சீசன் ஜூலை, ஆகஸ்ட். அப்போது போனால் வாடகை எகிறும், பார்க்கிங் கிடைக்காது, படகுக்குக் கார்கள் வரிசை கட்டி நிற்கும். நம் பள்ளிகள் ஜூன் முதல் வாரம் திறப்பது இந்த ஒரு விஷயத்தில் நமக்குச் சாதகம். ஒரே குறை, மே மாதத்தில் கடல் தண்ணீர் இன்னும் குளிராகவே இருக்கும். பிள்ளைகள் எப்படியும் இறங்கிவிடும், நாம் கரையில் உட்கார்ந்து கத்தலாம்.

நாங்கள் போனது ஐந்து பேர்: நான், மனைவி, பத்து வயசு மகள், ஆறு வயசு மகன், அறுபத்தெட்டு வயசு அம்மா. அதனால் இதில் சொல்வதெல்லாம் முட்டிவலியும் வாந்தியும் உள்ள குடும்பத்துக்கு. இளவட்டங்கள் நான்கு பேர் சேர்ந்து போனால் வேறு கணக்கு.

முதலில் விசா. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்கு ஷெங்கன் பகுதி என்று பெயர். குரோஷியா 2023 ஜனவரி 1-ம் தேதி அதில் சேர்ந்தது, அன்றைக்கே யூரோவுக்கும் மாறிவிட்டது. ஆகவே ஷெங்கன் விசா போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, ஆறு வயசு முதல் பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 45. சேவைக் கட்டணம் தனி. கைரேகை கொடுக்க சென்னைக்கு ஒரு நாள் போய்வர வேண்டும், பன்னிரண்டு வயசுக்குக் கீழே கைரேகை கிடையாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். வயசானவர்கள் வந்தால் இதில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், ஏற்கெனவே உள்ள சுகர், பிரஷருக்கு என்ன விதி என்று அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

விசா ஸ்டிக்கர் கைக்கு வந்ததும் எத்தனை முறை நுழையலாம் என்று போட்டிருக்கிறதைப் பாருங்கள். எங்கள் நால்வருக்கும் பல முறை நுழைவு வந்தது, அம்மாவுக்கு மட்டும் ஒரே முறை. இது ஏன் முக்கியம் என்றால், குரோஷியக் கடற்கரையை நடுவில் சுமார் இருபது கிலோமீட்டர் போஸ்னியா நாடு வெட்டிக்கொண்டு கடலைத் தொடுகிறது, அந்த ஊர் பெயர் நேயும். டுப்ரோவ்னிக் போகிற பழைய ரோடு அதன் வழியாகத்தான். ஒரே முறை நுழைவு விசாவோடு நேயுமுக்குள் போய்விட்டால் ஷெங்கனை விட்டு வெளியேறிய கணக்கு, திரும்ப உள்ளே விட மாட்டார்கள். 2022 ஜூலையில் பெலியேஷாட்ஸ் பாலம் திறந்தார்கள், கிட்டத்தட்ட 2.4 கிலோமீட்டர் நீளம், அதில் ஏறினால் போஸ்னியாவைத் தொடாமல் குரோஷியாவுக்குள்ளேயே போய்விடலாம். ஆனால் போனில் இருக்கிற மேப்புக்கு உங்கள் விசா தெரியாது. பத்து நிமிஷம் மிச்சம் என்றால் அது நேயும் வழியைக் காட்டலாம். அதனால் பாலத்தின் பெயரை இடையில் ஒரு நிறுத்தமாகப் போட்டுவிடுங்கள். போகும்போதும் வரும்போதும். மாண்டினீக்ரோவின் கோட்டோர் வளைகுடாவும் பக்கம்தான், அழகான இடம் என்கிறார்கள், அம்மாவின் ஸ்டிக்கரால் அதை விட்டுவிட்டோம்.

அடுத்தது லைசென்ஸ். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வழியாகவே வாங்கலாம், ஆயிரம் ரூபாய், ஒரு வருஷம் செல்லும். அசல் லைசென்ஸையும் கையோடு எடுத்துப் போங்கள், அது இல்லாமல் இதற்கு மதிப்பில்லை. வாடகைக் கார் எடுக்க, ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். டெபாசிட் என்று ஒரு பெரிய தொகையை அதில் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டை நீட்டினால் பல இடங்களில் கையை விரித்துவிடுவார்கள், இல்லையென்றால் கூடுதல் இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்வார்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் ஆன் செய்துவிட்டுக் கிளம்புங்கள், ஏர்போர்ட் கவுன்டரில் நின்று ஓ.டி.பி.க்காக வேர்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நான் நின்றேன்.

கார் கட்டாயம் ஆட்டோமேட்டிக் கேளுங்கள், முன்கூட்டியே. அங்கே கியர் வண்டிதான் சாதாரணம், ஆட்டோமேட்டிக்குக் காசு கூட. ஆனாலும் கொடுங்கள், ஏனென்றால் வண்டி ஓடுவது சாலையின் வலது பக்கம், ஸ்டியரிங் இடது பக்கம், இந்த லட்சணத்தில் வலது கையால் கியரும் போட வேண்டும் என்றால் மூளை குழம்பிப்போகும். இன்டிகேட்டரும் இடது கைப்பக்கம். என் வண்டி முதல் நாள் பூராவும் மழையில்லாத ஊரில் வைப்பர் போட்டுக்கொண்டே திரும்பியது. ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: நடுக்கோடு எப்போதும் ஓட்டுகிறவரின் தோள் பக்கம் இருக்க வேண்டும், நம் ஊரிலும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான். இடது பக்கம் திரும்புவதுதான் பெரிய திருப்பம், எதிர்வரும் வண்டியைத் தாண்டிப் போக வேண்டும். ரவுண்டானாவில் உள்ளே சுற்றுகிறவனுக்கே முதல் உரிமை. வரிக்குதிரைக் கோட்டில் ஒருவர் கால் வைத்தால் நிறுத்துங்கள். ஹாரன் இருக்கிறதையே மறந்துவிடுங்கள், காட்பாடி மேம்பாலத்துப் பழக்கத்தை ஏர்போர்ட்டிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். வேக வரம்பு ஊருக்குள் 50, வெளியே 90, மோட்டார்வேயில் 130, கேமரா இருக்கிறது. சின்னப் பிள்ளைக்குச் சீட் கட்டாயம், புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

சரி, வழி. எங்களுக்குப் பன்னிரண்டு நாள். தலைநகர் ஜாக்ரெபில் இறங்கி முதல் நாள் எங்கும் போகாமல் தூங்கினோம். தூக்கக் கலக்கத்தோடு வலது பக்கம் ஓட்டாதீர்கள், இது புத்திமதி இல்லை, கெஞ்சல். மறுநாள் பிளிட்விட்சே, அங்கே 16 ஏரிகள் ஒன்றுக்குள் ஒன்று அருவியாக விழுகின்றன. 1979-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம். மே மாதம் தண்ணீர் நிறைய, டிக்கெட்டும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இருப்பதைவிடக் குறைவு. குளிக்க விட மாட்டார்கள், இதை ஜலகம்பாறையில் ஆட்டம் போட்டுப் பழகிய பிள்ளைகளிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். டிக்கெட்டிலேயே படகும் குட்டி பஸ்ஸும் சேர்த்தி, அதனால் முட்டிவலிக்காரர்களும் பாதி இடத்தைப் பார்த்துவிடலாம்.

அப்புறம் கடற்கரை. இங்கேதான் பலரும் தப்புப் பண்ணுகிறார்கள். மேப்பில் பார்த்தால் ஜாதரிலிருந்து ஸ்ப்ளிட் 160 கிலோமீட்டர், வேலூர் சென்னையைவிடக் கொஞ்சம்தான் கூட, ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் 230, ஆகையால் தினம் ஒரு ஊர் என்று போட்டுவிடுகிறார்கள். தினமும் ஐந்து பேர் பெட்டியைக் கட்டி, இறக்கி, மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் இல்லாமல் ஏற்றிப் பாருங்கள், தெரியும். மூன்று ஊரில் மட்டும் தங்குங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று இரவு: ஜாதர், ஸ்ப்ளிட் பக்கம், டுப்ரோவ்னிக் பக்கம். காலையில் வண்டி, மதியம் சாப்பாடு, தூக்கம், சாயங்காலம் கடல்.

ஜாதர் சமதளம், அம்மாவுக்கு ரொம்பப் பிடித்த ஊர். கரையோரப் படிக்கட்டுக்கு அடியில் குழாய்களைப் பதித்து வைத்திருக்கிறார்கள், அலை அடிக்கும்போது காற்று குழாயில் ஏறிச் சத்தம் வரும், கடல் ஆர்கன் என்று பெயர், 2005-ல் கட்டியது. நாகஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துச் சரிபார்ப்பாரே, அந்த மாதிரி, ஆனால் நிற்காமல். அம்மா ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஸ்ப்ளிட்டில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஓய்வுக்காலத்துக்குக் கட்டிக்கொண்ட அரண்மனை இருக்கிறது, ஆயிரத்து எழுநூறு வருஷம் ஆயிற்று, அதற்குள் இன்னும் குடும்பங்கள் குடியிருக்கின்றன, துணி காயப்போட்டிருக்கிறார்கள். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கிண்டல் பண்ணுவார்களே, இங்கேயும் ராஜா இல்லை, ஆனால் கோட்டைக்குள் காபிக்கடை இருக்கிறது. பக்கத்து ட்ரோகிருக்கு ஒரு காலை போதும்.

ஸ்ப்ளிட்டுக்குத் தெற்கே ஓமிஷிலிருந்து மகார்ஸ்கா வழியாகப் போகிற பழைய கடற்கரை ரோடுதான் இந்தப் பயணத்தின் உயிர். யாத்ரான்ஸ்கா மகிஸ்த்ராலா என்கிறார்கள், எண் டி8, டோல் கிடையாது. ஒரு பக்கம் பியோகோவோ மலை 1,762 மீட்டருக்கு நிமிர்ந்து நிற்கும், இன்னொரு பக்கம் கடல். கட்டாயம் வடக்கிலிருந்து தெற்காக ஓட்டுங்கள். வண்டி வலது பக்கம் ஓடுவதால் கடல் உங்கள் பக்கமே வரும், வண்டியை ஓரங்கட்டி நின்று பார்க்கும் இடங்களுக்கு எதிர்வண்டியைக் குறுக்கே கடக்காமல் நுழையலாம். இதில் ஒரு சிக்கல், முன்சீட்டில் வலது பக்கம் உட்காருகிறவருக்கு ஜன்னலுக்குக் கீழே நேராகக் கடல்தான். அங்கே அம்மாவை உட்கார வைத்தது என் தப்பு. ஏலகிரியின் பதினாலு கொண்டை ஊசியில் கண்ணை மூடிக்கொள்கிறவர், இங்கே முருகனை விடவில்லை. பயப்படுகிறவர்களைப் பின்னாடி இடது பக்கம் வையுங்கள். ஓமிஷில் மலையைப் பிளந்துகொண்டு செத்தினா ஆறு கடலில் சேருகிறது. அதைப் பார்த்துத்தான் அம்மா முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தார். "இன்னாடா இது, ஆறு பூரா தண்ணி கீது!" பாலாற்றங்கரையில் வாக்கப்பட்டவர் வேறென்ன சொல்வார்.

இதே ரோடு வடக்கே சேன் ஊர்ப்பக்கமும் உண்டு, ஆனால் அங்கே வெலெபித் மலையிலிருந்து புரா என்ற காற்று திடீரென்று கீழே பாயும், குளிர்காலத்தில்தான் அதிகம் என்றாலும் மற்ற மாதங்களில் வராது என்றில்லை. காற்று எச்சரிக்கைப் பலகை எரிந்தால் மோட்டார்வேக்கு மாறிவிடுங்கள். வழியில் வண்டி நின்றால் 1987 என்ற எண், அவசரத்துக்கு 112.

டுப்ரோவ்னிக் பழைய நகரத்துக்குள் கார் போகாது, சுற்றிலும் பார்க்கிங் கட்டணம் பகல் கொள்ளை. லாபாத் பக்கம் பார்க்கிங்கோடு வீடு எடுத்து, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போங்கள். மதில்மேல் நடக்கிற சுற்று 1,940 மீட்டர், முழுக்கப் படிகள், பெரியவருக்கு 35 யூரோவுக்குக் குறையாது. நானும் மகளும் மட்டும் காலை எட்டு மணிக்கு ஏறினோம், மற்றவர்கள் கீழே புறா பார்த்தார்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

கடற்கரை என்றதும் மெரினா மணலை நினைக்காதீர்கள். கூழாங்கல். தண்ணீருக்கு அடியில் கறுப்பாக முள் உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் இதன் முன்னால் பரம சாது. ஐந்து பேருக்கும் ரப்பர் செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள். அலை பெரிதாக இல்லாததால் பிள்ளைகளுக்கு நல்லது, ஆனால் நாலடியில் ஆழம் வந்துவிடுகிற இடங்கள் உண்டு.

சாப்பாட்டுக்குச் சமையலறை உள்ள வீடாகவே எடுங்கள், 'அபார்ட்மானி' என்று தெருவெல்லாம் போர்டு தொங்கும். சின்ன எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் கொண்டு போனோம். அங்கேயும் 230 வோல்ட், நம் மூன்று முள் பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அப்பளம் போகலாம். பால், இறைச்சிப் பொருள் எதையும் வெளியிலிருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை, ஆகவே நெய்யும் ஆற்காடு மக்கன் பேடாவும் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம். ஹோட்டலில் சைவம் கேட்க 'பெஸ் மேசா' என்றால் கறி இல்லாமல். மீனையும் தனியாக மறுக்க வேண்டும், இல்லாவிட்டால் வந்து நிற்கும். 'பிளித்வா' என்று ஒரு கீரையை உருளைக்கிழங்கோடு பூண்டு, ஆலிவ் எண்ணெய் போட்டு மசித்துத் தருகிறார்கள், அம்மா மூன்று ஊரிலும் அதையே சாப்பிட்டார். 2023 ஜூலையிலிருந்து பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடல், சனிக்கிழமையே அரிசியும் காய்கறியும் வாங்கி வையுங்கள். எங்களுக்கு அது தெரியாமல் ஒரு ஞாயிறு முழுக்க பிரெட்.

பெட்ரோல் பங்கில் ஆள் கிடையாது, நீங்களே போட்டுவிட்டு உள்ளே போய்க் காசு கட்ட வேண்டும். பெட்ரோலுக்கு 'பென்சின்', டீசலுக்கு 'டிசெல்'. டேங்க் மூடியின் உள்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று முதல் நாளே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டுப்ரோவ்னிக்கிலேயே வண்டியை விட்டுவிட்டு விமானம் ஏறலாம், ஒருவழிக் கட்டணம் தனியாக வாங்குவார்கள். அதற்கு மனசு வரவில்லையென்றால் மோட்டார்வேயில் ஜாக்ரெப் திரும்ப சுமார் 600 கிலோமீட்டர், ஒரு நாள் முழுக்கப் போய்விடும். எதுவானாலும் வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு பக்கமும், சக்கரமும், பெட்ரோல் முள்ளும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். பார்க்கிங், வேக அபராதம் ஏதாவது இருந்தால் மாதங்கள் கழித்து வாடகைக் கம்பெனி வழியாகக் கார்டில் வந்து நிற்கும், அவர்களுடைய அலுவலகக் கட்டணத்தோடு. எனக்கு ஆடி மாதம் வந்தது.