வீட்டு இன்டர்நெட் கட்டணத்தைக் குறைக்க: லைஃப்லைனுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

அமெரிக்காவில் இன்டர்நெட் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை தள்ளுபடி தந்த ஏசிபி திட்டம், நிதி தீர்ந்து 2024 ஜூன் 1 அன்று நின்றுபோனது. 2 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் இருந்தன. அத்தோடு எல்லா உதவியும் போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். 1985-இல் தொலைபேசிக்காகத் தொடங்கிய லைஃப்லைன் திட்டம் இன்னும் நடக்கிறது. 2016-இல் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி அதை இன்டர்நெட்டுக்கும் விரிவாக்கியது. தள்ளுபடி மாதம் 9.25 டாலர், பழங்குடி நிலப்பகுதிகளில் 34.25 டாலர் வரை. தொகை சின்னதுதான். ஆனாலும் கை கடிக்கிற வீட்டுக்கு வருடம் 111 டாலர் என்பது பெரிய விஷயம்.

1. முதலில் கம்பெனியைத் தேடுங்கள்

பலரும் விண்ணப்பம் போட்ட பிறகுதான் இதைப் பார்க்கிறார்கள். எல்லா இன்டர்நெட் கம்பெனிகளும் லைஃப்லைனில் இல்லை; பல இடங்களில் செல்போன் கம்பெனிகள்தான் கிடைக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரே தள்ளுபடி என்பதால் அது போனுக்கா, வீட்டு இன்டர்நெட்டுக்கா என்று முடிவு செய்தாக வேண்டும். லைஃப்லைன் இணையதளத்தில் ஜிப் கோடு கொடுத்தால் உங்கள் பகுதியில் உள்ள கம்பெனிகள் தெரியும்.

2. தகுதி

ஸ்நாப் (உணவு உதவி), மெடிக்கெய்ட் (குறைந்த வருமானத்தினருக்கான மருத்துவக் காப்பீடு), எஸ்எஸ்ஐ (முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை), அரசு வீட்டு வசதி உதவி, முன்னாள் படைவீரர் ஓய்வூதியம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வீட்டில் யாருக்காவது இருந்தால் போதும். இல்லையென்றால் குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 135 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

3. ஒரே முகவரியில் இரண்டு குடும்பமா?

வாடகை கட்டுப்படியாகாமல் ஒரே வீட்டில் சேர்ந்து இருப்பவர்கள் நிறைய. முகவரி ஒன்றாக இருப்பதாலேயே உரிமை போய்விடாது. வருமானத்தையும் செலவையும் பகிர்ந்துகொள்பவர்களைத்தான் விதி ஒரு குடும்பமாகக் கணக்கில் எடுக்கிறது. அறையை மட்டும் பகிர்ந்து, அவரவர் பணத்தில் அவரவர் வாழ்ந்தால் அவர்கள் தனித்தனிக் குடும்பங்கள். குடும்பத்துக்கு ஒரு தள்ளுபடி கேட்கலாம். அதற்கென்று குடும்ப விவரப் படிவம் ஒன்று உண்டு. அதை நிதானமாக, உண்மையாக நிரப்புங்கள். கணவன் மனைவி சேர்ந்து வாழ்ந்தால் ஒரே குடும்பம்தான்.

4. ஆவணங்கள்

திட்டத்தின் வழியாகத் தகுதி என்றால் அதன் ஒப்புதல் கடிதம். வருமானத்தின் வழியாக என்றால் போன வருட வரித் தாக்கல், அல்லது தொடர்ந்து மூன்று மாதச் சம்பளச் சீட்டு. ஆவணத்தில் இருக்கும் பெயரையே எழுத்து பிசகாமல் விண்ணப்பத்திலும் எழுதுங்கள். நம்மவர்களுக்கு இது முக்கியம்: அப்பா பெயர் ஒரு தாளில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் சிக்கல் வரலாம். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள் பாஸ்போர்ட் போன்ற வேறு அடையாள ஆவணம் கொடுக்கலாம்.

5. விண்ணப்பம்

லைஃப்லைன் தகுதியைச் சரிபார்க்கும் நேஷனல் வெரிஃபையர் தளத்தில் ஆன்லைனாகவோ, தபாலிலோ அனுப்பலாம். டெக்சாஸ், ஓரிகன் போன்ற சில மாநிலங்களில் நடைமுறை வேறு. ஒப்புதல் வந்ததும் 90 நாளுக்குள் கம்பெனியில் சேர வேண்டும். அது தானாக நடக்காது, நீங்கள்தான் கூப்பிட வேண்டும்.

6. வருடாவருடம் புதுப்பித்தல்

தகுதி தொடர்கிறதா என்று வருடம் ஒருமுறை சரிபார்ப்பார்கள். உறுதி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தால் 60 நாளுக்குள் பதில் தராவிட்டால் தள்ளுபடி நின்றுவிடும். ஆங்கிலக் கடிதத்தைப் பிரிக்காமலே வைத்துவிடும் பெரியவர்களுக்கு நீங்கள் உதவுகிறீர்கள் என்றால், அந்த மாதத்தை உங்கள் காலண்டரிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

லைஃப்லைன் கம்பெனி பக்கத்தில் இல்லையா?

குறைந்த வருமானக்காரர்களுக்கான திட்டம் இருக்கிறதா என்று இப்போதைய கம்பெனியிடமே கேளுங்கள். கேட்காமல் அவர்களாகச் சொல்வது அரிது. காம்காஸ்ட் என்ற இன்டர்நெட் கம்பெனி 2011 முதல் இப்படி ஒன்றை நடத்துகிறது. நியூயார்க் மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது: பெரிய கம்பெனிகள் தகுதியுள்ள வீடுகளுக்கு நொடிக்கு 25 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகத்தை மாதம் 15 டாலருக்கோ, 200 எம்பிபிஎஸ் வேகத்தை 20 டாலருக்கோ தர வேண்டும். கேட்கும்போது மோடம் வாடகையும் அதில் அடக்கமா என்று சேர்த்தே கேட்டுவிடுங்கள்.