சைக்கிள் சீட் வலிக்கிறதா? புதுசு வாங்கும் முன் ஆலன் கீயை எடுங்கள்

சைக்கிள் வாங்கிய முதல் வாரமே உட்காரும் இடம் வலித்தால் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், மெத்துமெத்தென்று ஒரு ஜெல் கவர் வாங்கி மாட்டினேன். பத்து நிமிடம் சொகுசு, அரை மணி நேரத்தில் தொடையிடுக்கு மரத்துப்போனது. நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியிலுள்ள இரண்டு எலும்புகள். மெத்தை அதிகமானால் அவை உள்ளே புதைந்து, நடுவில் பிதுங்கும் ஜெல் நரம்பு ஓடும் இடத்தை அழுத்தும். கவரைக் கழற்றிவிட்டு உயரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

வழக்கமாகப் போடும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஏறி உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கினால் கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக்கூடாது. முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். "இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டாமா?" என்று வீட்டில் கேட்பார்கள். வேண்டாம், சிக்னலில் சீட்டை விட்டு முன்னால் இறங்கி நின்றால் போதும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், ரொம்ப ஏறியிருந்தால் பின்பக்கம் இழுக்கும்.

ஏற்றும்போது சீட் போஸ்ட்டில், அதாவது சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் தண்டில், பொறித்திருக்கும் மினிமம் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு வெளியே தெரிந்தால் ஃபிரேமே விரிசல் விடலாம், நீளமான போஸ்ட்தான் வாங்க வேண்டும். குறுக்களவைப் போஸ்ட்டின் அடியில் போட்டிருப்பார்கள். 27.2 மி.மீ. என்றால் 27.2 தான், 27 போதுமே என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள், வழுக்கி இறங்கும். போடும் முன் மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் மழையிலும் வியர்வையிலும் ஃபிரேம் குழாயோடு ஒட்டிக்கொண்டு அசையவே அசையாது. கார்பன் போஸ்ட்டுக்கு மட்டும் கிரீஸ் ஆகாது, அதற்கென்றே தனிப் பேஸ்ட் இருக்கிறது.

அப்புறம் சாய்வு. சீட்டின் மேல் ரசமட்டமோ செல்போனோ வைத்து மட்டம் பாருங்கள். மூக்கு தூக்கியிருந்தால் மரத்துப்போகும், தாழ்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி மணிக்கட்டு வலிக்கும்.

முன்பின் நகர்த்த, சீட்டுக்கு அடியிலுள்ள கிளாம்ப் போல்ட்டை ஆலன் கீயால் (அறுகோண முனையுள்ள L வடிவச் சாவி) தளர்த்துங்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோல் நூலில் ஒரு நட்டைக் கட்டி முன்காலின் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து தொங்கவிட்டால், அது பெடல் அச்சின் பக்கம் விழ வேண்டும். தோராயமான கணக்குதான், ஆரம்பத்துக்குப் போதும்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரம் ஓட்டியும் வலி போகவில்லையா? சரி, இப்போது சீட் வாங்கலாம். அதற்கு ஒரு அட்டைப்பெட்டித் துண்டு போதும். கெட்டியான ஸ்டூலில் அதைப் போட்டு, குதிகாலைத் தூக்கி, கொஞ்சம் முன்னால் குனிந்து ஒரு நிமிடம் அழுத்தி உட்காருங்கள். எழுந்து விரலால் தடவினால் இரண்டு குழி தட்டுப்படும். குழிகளின் நடுவை சாக்பீஸால் குறித்து, இடைவெளியை அளந்து, அதோடு 2 முதல் 3 செ.மீ. கூட்டுங்கள். எனக்கு 12 வந்தது, 14.5 செ.மீ. அகலச் சீட் வாங்கினேன். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டும்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அதுவும் 5 மி.மீ. அளவுக்குத்தான். சரியான உயரம் கிடைத்ததும் போஸ்ட்டில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். சர்வீஸுக்கு விட்ட வண்டி என்னிடம் ஒருமுறைகூட அதே உயரத்தில் திரும்பி வந்ததில்லை.