லோ பி தொளதொளக்கிறதா? அரத்தைக் கீழே வையுங்கள்

ஃபைவ் ஸ்ட்ரிங் பேஸ் கிடார் கைக்கு வந்த முதல் சில மாதங்களில், எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வரிசையில்தான் தப்புச் செய்கிறார்கள். லோ பி (ஐந்தில் மிகத் தடித்த, மிகத் தாழ்ந்த ஸ்ட்ரிங்) தொளதொளவென்று இருக்கிறது என்று தடிமனான ஸ்ட்ரிங் வாங்குகிறார்கள். அது நட்டில் (கழுத்தின் நுனியில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும், பள்ளம் வெட்டிய துண்டு) உட்கார மறுக்கிறது. உடனே அரத்தை எடுக்கிறார்கள். ஜாக்கைப் பாதி செருகுவது, ட்யூன் பார்க்காமல் மேடையேறுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை நாலு பேர் முன்னால் ஒருமுறை மானம் போனால் தானாகச் சரியாகிவிடும். காசையும் கருவியையும் கெடுக்கிற தப்புகளை மட்டும் பார்க்கலாம்.

பி ஸ்ட்ரிங்கின் தடிமனை ஏற்றிக்கொண்டே போவது

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃபைவ் ஸ்ட்ரிங் செட் 45-65-80-100-130. கடைசி எண்தான் லோ பி: 0.130 அங்குலம், அதாவது 3.3 மி.மீ. 34 அங்குல ஸ்கேலில் (நட்டுக்கும், பாடியில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சேடிலுக்கும் நடுவே அதிரும் நீளம்) இது சுமார் 35 பவுண்டு இழுவையில் நிற்கும். அதே செட்டின் 65 டி ஸ்ட்ரிங் 50 பவுண்டைத் தொடும். ஆக, பி கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும். அது அதன் இயல்பு. நாலு ஸ்ட்ரிங்கில் பழகிய விரல் அந்தத் தளர்வைக் குறையாக எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது கணக்கு. ஸ்ட்ரிங்கின் எடை தடிமனின் வர்க்கத்தோடு ஏறும். 130-லிருந்து 135-க்குப் போனால் கிடைப்பது ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதல் இழுவை. அதாவது மூன்று பவுண்டுகூட இல்லை. 145 போட்டால் கால் பங்குக்கு நெருக்கமாக ஏறும். ஆனால் அந்தத் தடிமனில் ஸ்ட்ரிங் விறைத்துப்போகும். விறைத்த ஸ்ட்ரிங்கின் மேல்சுரங்கள் அடிப்படைச் சுரத்தோடு ஒட்டாமல் கொஞ்சம் ஏறி ஒலிக்கும். காதுக்கு அது "டங்" என்று கேட்குமே தவிர, எந்தச் சுரம் என்று பிடிபடாது. அதாவது, எந்தக் குறைக்காக ஸ்ட்ரிங்கை மாற்றினீர்களோ அதே குறை இன்னும் அதிகமாகும்.

இதற்குப் பிறகுதான் எரிச்சலூட்டும் பகுதி. 130-க்கு வெட்டிய நட் பள்ளத்தில் 145 அடியைத் தொடாமல் மேலேயே தொங்கும். முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தினால் சுரம் ஏறும். உடனே வீட்டில் கிடக்கும் எலிவால் அரத்தால் ராவுவது. பள்ளம் அகலமாகிவிடுகிறது, பெரும்பாலும் ஆழமும் கூடிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து மனம் மாறி 125 போட்டால், அது அந்தப் பள்ளத்தில் பக்கவாட்டில் ஆடி, திறந்த பி-யை அடிக்கும்போதெல்லாம் இரையும். ராவிய பள்ளத்தை மூட முடியாது. நட்டையே புதிதாகச் செய்ய வேண்டியதுதான். ஸ்ட்ரிங் காசு, நட் காசு, கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு பைசா செலவில்லாமல் சரிசெய்திருக்கக்கூடிய கோளாறுக்குக் கொடுத்த விலை அது.

செலவில்லாமல் எப்படி? இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் சேடில். பி ஸ்ட்ரிங் தடிமனானது, தானாக மடங்காது. சேடிலைத் தாண்டியதும் நேராகப் போகாமல் சின்ன வில்லாக எழும்பி இறங்கும். சேடிலுக்கு ஒரு விரல் தள்ளி, கழுத்துப் பக்கமாக, கட்டைவிரலால் கீழ்நோக்கி அழுத்திவிடுங்கள். நட்டுக்கு முன்னாலும் இதையே மெதுவாகச் செய்யுங்கள். ட்யூன் இறங்கும், மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள். பத்தில் பாதி "செத்துப்போன பி" இங்கேயே உயிர் பெற்றுவிடும்.

அடுத்து முறுக்கு. பெக்கில் (ட்யூன் ஏற்றி இறக்கும் முளை) சுற்றும்போது ஸ்ட்ரிங் தன்னைச் சுற்றியே முறுக்கிக்கொண்டிருந்தால் ஓசை நடுங்கும். ட்யூனைத் தளர்த்தி, பெக்கிலிருந்து நுனியை எடுத்துக் கையை விடுங்கள். அது தானாகத் திரும்பி அடங்கிய பிறகு மறுபடி செருகுங்கள்.

மூன்றாவது, பெக்கில் சுற்றிய விதம். சுற்று மேலிருந்து கீழே இறங்க வேண்டும். மேல்நோக்கி ஏறியிருந்தால் நட்டின் மேல் ஸ்ட்ரிங் அழுந்தாது. ஹெட்ஸ்டாக் (பெக்குகள் உள்ள தலைப்பகுதி) பின்னால் சாயாமல் தட்டையாக உள்ள பேஸ்களில் இது உடனே தெரியும்.

நான்காவது பிக்கப், அதாவது ஸ்ட்ரிங்கின் அதிர்வை ஆம்புக்குக் கொடுக்கும் காந்தப் பகுதி. காந்தத்துக்கு மிக அருகில் ஆடும் கனமான ஸ்ட்ரிங்கைக் காந்தம் இழுக்கும். மேல் ஃப்ரெட்களில் ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து அலைபாய்வதுபோல ஒலிக்கும். கடைசி ஃப்ரெட்டில் பி-யை அழுத்திக்கொண்டு, ஸ்ட்ரிங்கின் அடிக்கும் பிக்கப்பின் மேல்பரப்புக்கும் நடுவே 3 மி.மீ.க்குக் குறையாமல் இடம் விடுங்கள்.

இதெல்லாம் சரியென்றால் ஆம்பைச் சந்தேகப்படுங்கள். திறந்த லோ பி-யின் அடிப்படை அதிர்வு 30.87 ஹெர்ட்ஸ். படுக்கையறையில் வைக்கும் சின்ன ஆம்பின் 8 அங்குல ஸ்பீக்கர் அதை எட்டவே எட்டாது. நீங்கள் கேட்பது 62 ஹெர்ட்ஸில் இருக்கும் முதல் மேல்சுரத்தைத்தான். நல்ல ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுவிட்டு ஸ்ட்ரிங்கைத் திட்டலாம்.

இத்தனைக்குப் பிறகும் இழுவை போதவில்லையென்றால், அது ஸ்கேல் நீளத்தின் விஷயம். 35 அங்குல ஸ்கேலில் அதே ஸ்ட்ரிங் அதே ட்யூனில் சுமார் 6 சதவீதம் கூடுதலாக இறுகும். டிங்வால் நிறுவனத்தின் பல ஃபைவ் ஸ்ட்ரிங் பேஸ்களில் பி-க்கு 37 அங்குலமும் ஜி-க்கு 34 அங்குலமுமாக ஃப்ரெட்களை விசிறிபோல அமைப்பது இதற்காகத்தான். 34 அங்குலப் பேஸை அரத்தால் 37 ஆக்க முடியாது.

வளைக்காமல் வெட்டுவது

பெக்கைத் தாண்டி பி-க்குச் சுமார் 10 செ.மீ., மெல்லிய ஸ்ட்ரிங்குகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக விட்டு, அந்த இடத்தில் முதலில் செங்குத்தாக மடியுங்கள். மடித்த பிறகு, மடிப்புக்கு அப்பால் ஒரு செ.மீ. விட்டு வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியிலிருந்து நழுவி, புது ஸ்ட்ரிங் முதல் நாளே பழையதுபோல ஒலிக்கும். உள்கம்பி வட்டமாக உள்ள வகைகளில் இது நிச்சயம்.

அளக்காமல் வாங்குவது

ஸ்ட்ரிங்கின் உருண்டை உட்காரும் இடத்திலிருந்து நட் வரை டேப் வைத்து அளங்கள். 34 அங்குலப் பேஸில் இது 36 அங்குலத்தை ஒட்டி வரும். பாடிக்குப் பின்னாலிருந்து கோத்து வரும் வகையென்றால் ஓர் அங்குலத்துக்கு மேல் கூடும். ஸ்ட்ரிங்கின் நுனி மெலிந்திருக்கும். அதன் முழுத்தடிமன் பகுதி நட்டைத் தாண்டிப் போக வேண்டும், ஆனால் பெக்கில் சுற்றக் கூடாது. பி-யின் பெக் பெரும்பாலும் நட்டுக்கு மிக அருகில் இருப்பதால் தப்ப இடமே இல்லை. நுனியின் பட்டுநூல் நட்டின் மேல் வந்து உட்கார்ந்தால் திறந்த பி மந்தமாகிவிடும். முழுத்தடிமன் பெக்கில் சுற்றினால் அந்த வளைவில் நாளடைவில் அறுந்துவிடும்.

பழைய ஸ்ட்ரிங்கில் செட்டப் (வளைவு, உயரம், சுருதி சரிபார்ப்பு) செய்வது

வீண் வேலை.

ஐந்தையும் ஒரே நேரத்தில் கழற்றுவது

இது தப்பே இல்லை. கழுத்து உடையாது. ஃப்ரெட்போர்டைத் துடைக்க இதைவிட நல்ல சமயம் கிடையாது.

ட்ரஸ் ராடைத் திருகி ஆக்‌ஷனை இறக்குவது

ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி) கழுத்தின் வளைவுக்கு, சேடில் ஸ்ட்ரிங்கின் உயரத்துக்கு, அதாவது ஆக்‌ஷனுக்கு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கழுத்து பாடியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃப்ரெட்டின் தலைக்கும் ஸ்ட்ரிங்கின் அடிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மி.மீ. போதும். பைக் மெக்கானிக் டேப்பட் பார்க்கும் ஃபீலர் கேஜே இதற்குப் போதுமானது. தனியாக கிடார் கருவி என்று வாங்க வேண்டாம்.

இடைவெளி கூடுதலென்றால் வலஞ்சுழியாக, குறைவென்றால் இடஞ்சுழியாகத் திருப்புங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ட்யூனை மறுபடி ஏற்றி அளந்த பிறகே அடுத்த கால் சுற்று. ஆலன் கீ கச்சிதமாகப் பொருந்தட்டும். அங்குல அளவு ட்ரஸ் ராட் திருகில் மி.மீ. கீயைத் திணித்தால் அறுகோணம் உருண்டையாகிவிடும். அதை வெளியே எடுப்பது தனிக் கதை. ஏ.சி. அறையிலிருந்து ஈரக்காற்றுக்கு வந்த கழுத்து இடம் மாறும், மழைக்காலம் தொடங்கியதும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

வளைவு சரியான பிறகு சேடில். 17-வது ஃப்ரெட்டில் பி-க்கு 2.5 மி.மீ., ஜி-க்கு 2 மி.மீ. என்று தொடங்கி, விரலின் கனத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்குங்கள். ஓங்கி அடிப்பவருக்கு பி 2.8 இருந்தால்கூடத் தப்பில்லை.

இன்டோனேஷனைக் கிளிப் ட்யூனரில் பார்ப்பது

இன்டோனேஷன் என்றால் கழுத்து நெடுக எந்த ஃப்ரெட்டில் பிடித்தாலும் சுரம் சரியாக விழுவது. ஹெட்ஸ்டாக்கில் மாட்டும் மலிவான ட்யூனர்கள் 31 ஹெர்ட்ஸில் தடுமாறும். கேபிள் வழியாக ட்யூனருக்குக் கொடுங்கள். 12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே ஹார்மோனிக் (ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஓசை) அடித்து ட்யூன் செய்யுங்கள்; பிறகு அதே ஃப்ரெட்டில் வழக்கமாக வாசிக்கும் அழுத்தத்தில் பிடித்துப் பாருங்கள். பிடித்த சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கும், இறங்கியிருந்தால் கழுத்தை நோக்கியும் நகர்த்துங்கள். நகர்த்தும் முன் ஸ்ட்ரிங்கைத் தளர்த்துங்கள். பேஸ் மடியிலோ தோளிலோ இருக்கட்டும், மேஜையில் படுக்கவைத்து வேண்டாம். பி-யில் 2, 3 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) பிசகு இருந்தால் விட்டுவிடலாம். மற்ற ஸ்ட்ரிங்குகளைவிட பி-யின் சேடில்தான் பொதுவாக மிகவும் பின்னால் போய் நிற்கும். திருகு முழுக்கப் பின்னால் வந்தும் போதவில்லையென்றால், சேடிலுக்குப் பின்னால் நசுங்கிக்கிடக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பாதியாக வெட்டிப் போடுங்கள்.